சுத்தியலுக்கு எது நாடு?

“மேடம், கைப்பிடியில கொட்டை எழுத்துல நாட்டுப் பேரே போட்டிருக்கு. இதுக்கு மேல என்ன சந்தேகம்?”

இரும்புக்கடை முதலாளி சுங்கக் கிடங்கின் மேசைக்கு முன்னால் நின்றபடி கேட்டார். உட்காரச் சொல்லி அரை மணி நேரம் ஆகிறது. மனிதருக்கு இருப்புக் கொள்ளவில்லை. சுவர்க் கடிகாரத்தைப் பார்ப்பார், வாசலில் காலியாக நிற்கும் தன் வேனைப் பார்ப்பார், மறுபடி கடிகாரத்துக்கே வருவார்.

“கைப்பிடியில போட்டிருக்கு. நான் கேக்கறது தலையை,” என்றார் பெண் அதிகாரி. “கைப்பிடி மாட்டினது, பெயின்ட் அடிச்சது எல்லாம் அங்கதான். ஆனா இரும்புத் தலையை வெளியில வாங்கினதா அனுப்பின கம்பெனியோட பேப்பரே சொல்லுது. தலையை எங்க காய்ச்சி அடிச்சாங்களோ அதுதான் சுத்தியலோட நாடு. பட்டன் வெச்சவரை யாராவது சட்டை தைச்சவர்னு சொல்வாங்களா?”

ஒரு சுரங்கக் கம்பெனியின் ஆர்டர் அது. முதலாளி மூன்று வருடம் நடையாய் நடந்து பிடித்தது. நாலு மணிக்குள் சரக்கு அங்கே இறங்க வேண்டும், கைப்பிடியில் போட்டிருக்கும் நாட்டில் செய்ததுதான் என்ற சுங்கச் சான்றோடு இறங்க வேண்டும். அதிகாரி வேறு நாட்டின் பெயரை எழுதிவிட்டால் அந்தக் கம்பெனியின் வாசலை அவர் மறந்துவிட வேண்டியதுதான்.

“மாப்பிள்ளை! சரக்கு எடுத்துக் கொடுத்த ஏஜெண்டுக்கு இன்னொரு தடவை போன் போடுங்க.”

“போட்டுட்டேன் மச்சான். எடுக்கல.”

“எடுக்கலைன்னா எடுக்கற வரைக்கும் போடுங்க. இதைக்கூடச் சொல்லித் தரணுமா?”

மூலையில் ஒரு மரப்பெட்டி மேல் உட்கார்ந்திருந்த மாப்பிள்ளை மறுபடி கைபேசியைக் காதில் வைத்தார். முதலாளியுடைய தங்கையின் கணவர். ஒரு வருடமாகக் கடை வேனை ஓட்டுகிறார். பத்து வார்த்தை பேசினால் ஒரு வார்த்தை திரும்பி வரும், அதுவும் ‘ஆமா மச்சான்’ என்றுதான் வரும்.

மணி இரண்டரை. முதலாளி பொறுமை இழந்தார். பிரித்த பெட்டியிலிருந்து ஒரு சுத்தியலை உருவினார்.

“மேடம், பேப்பரை விடுங்க. தரத்தைப் பார்த்தா நாடு தெரிஞ்சிடாதா?”

தராசுப் பக்கம் கிடந்த இருபது கிலோ எடைக்கல்லின் மேல் ஓங்கி ஒரு போடு போட்டார். கிடங்கே கணீரென்று அதிர்ந்தது. பைல் சுமந்து போன ஊழியர் ஒருவர் நின்று திரும்பிப் பார்த்தார். மாப்பிள்ளையும் சட்டென்று தலை நிமிர்ந்தார்.

“பாருங்க, எடைக்கல்லுதான் பள்ளமாச்சு. இதுல ஒரு கீறல் உண்டா? நம்ம ஊர்ச் சரக்கா இருந்தா ரெண்டே அடியில இளிச்சிருக்கும்.”

“உள்ளூர்ச் சரக்கும் வாங்குவீங்களா?”

“நானா? போன வருஷம் ஒருத்தர், வேண்டப்பட்டவர்தான், பேர் வேண்டாம், ஒரு வேன் நிறைய கொண்டுவந்து கடை வாசல்ல இறக்கினார். பெட்டியைக்கூடப் பிரிக்கல மேடம். அப்படியே ஏத்தித் திருப்பி அனுப்பிட்டேன். சொந்தம் வேற, வியாபாரம் வேற. என்ன மாப்பிள்ளை?”

“ஆமா மச்சான்.”

அதிகாரி அந்தச் சுத்தியலை வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு இழுப்பறையிலிருந்து ஒரு பிளேடையும் தின்னர் பாட்டிலையும் எடுத்தார். சுத்தியல் தலையின் பக்கவாட்டில் சிவப்புப் பெயின்ட் கொஞ்சம் கொஞ்சமாக உரிந்தது. முதலாளி மேசையைச் சுற்றி ஓடிவந்து அவர் தோளுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்தார்.

“அச்சு ஒண்ணு இருக்கு,” என்றார் அதிகாரி. பஞ்சால் துடைத்தார். “எழுத்து இல்ல. ஏதோ பூச்சி மாதிரி... எறும்பு.”

“எறும்பா?”

“இருபது வருஷ சர்வீஸ்ல இப்படி ஒரு முத்திரையை நான் பார்த்ததில்ல. உங்களுக்குத் தெரியுமா?”

முதலாளிக்கும் தெரியாது. ஆனால் தெரியாது என்று சொன்னால் சான்று போச்சு. அவருடைய மூளை அவசரமாக வேலை செய்தது.

“இதுக்கு மேல என்ன மேடம் சாட்சி வேணும்? எறும்பு தன்னைவிடப் பெரிய பாரத்தைத் தூக்கும். அந்த அர்த்தத்துல போட்டிருக்கான். இவ்வளவு யோசிச்சு அடிக்கிறதுக்கு நம்மாளுங்களுக்கு எங்க மூளை இருக்கு? கண்ணை மூடிட்டு கைப்பிடியில இருக்கிற வெளிநாட்டையே எழுதுங்க.”

அதிகாரி பேனாவைத் திறந்தார். எந்த நாடு என்று எழுதுவது என்ற யோசனையில் பேனா காகிதத்துக்கு மேலேயே நின்றது. கடிகாரத்தில் மணி இரண்டே முக்கால்.

மூலையில் மரப்பெட்டி கிறீச்சிட்டது. மாப்பிள்ளை எழுந்து வந்தார். சுத்தியலைக் கையில் வாங்கி, பெயின்ட் உரிந்த இடத்தைக் கட்டைவிரலால் ஒரு தரம் தடவினார்.

“அர்த்தமெல்லாம் ஒண்ணும் இல்ல மச்சான். அச்சுக்கு ஒரு படம் வேணும்னு கேட்டப்ப உங்க தங்கச்சி வரைஞ்சு கொடுத்தது.”

முதலாளி குனிந்து அந்த எறும்பை மறுபடி பார்த்தார்.

“நீங்க பெட்டியைக்கூடப் பிரிக்காம அனுப்பினீங்களே, அதை ஒரு கப்பல் ஏஜெண்டு கிட்ட கிடைச்ச விலைக்குத் தள்ளிட்டுத்தான் பட்டறையை மூடினேன்,” என்றவர் அதிகாரியின் பக்கம் திரும்பினார். “நம்ம நாடுன்னே எழுதிக்கோங்க மேடம். கைப்பிடி மட்டும்தான் வெளிநாடு.”