யாரும் இறங்கக் கூடாது

"எல்லாரும் பெஞ்சு மேல ஏறுங்க. ம்... சீக்கிரம்!"

மூன்றாம் வகுப்பின் முப்பத்திரண்டு பேரும் ஏறினார்கள். எழுதிக்கொண்டிருந்த கணக்கு பாதியில் நின்றது.

"எதுக்கு டீச்சர்?" என்றான் கடைசி வரிசைக் குண்டன்.

"எதிர்க்கேள்வியா? கையைக் கட்டு. எவன் கால் தரையில பட்டாலும் தொலைச்சிடுவேன்."

சொல்லிவிட்டு, டீச்சர் கைப்பேசியை எடுத்து ஏதோ தட்டினார்.

"இப்பல்லாம் இங்க பிள்ளைங்களை யாரும் மிரட்டறதே இல்ல சார்" என்று சொல்லிக்கொண்டே வராந்தாவில் வந்த தலைமையாசிரியை, ஜன்னலருகே அப்படியே நின்றுவிட்டார்.

"பாத்தாலே தெரியுது மேடம்." கூட வந்த பெற்றோர் சங்கத் தலைவர் கைப்பேசியில் படம் பிடிக்கத் தொடங்கினார்.

தலைமையாசிரியை விறுவிறுவென்று உள்ளே போனார்.

"அங்கயே நில்லுங்க மேடம்!"

"எனக்கே உத்தரவா? இன்னொரு தடவை யாரையாவது பெஞ்சு மேல ஏத்தினா வேலையை விட்டுப் போயிடறேன்னு போன மாசம்தானே கையெழுத்துப் போட்டீங்க?"

"ஆமா மேடம்."

"அன்னிக்கு ஒருத்தன். இன்னிக்கு மொத்த வகுப்பா? கையில போன் வேற!"

டீச்சர் தலைமையாசிரியையின் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏம்மா, நீ சொல்லு. என்ன தப்பு பண்ணீங்க?" முதல் பெஞ்சுச் சிறுமியைக் கேட்டார் தலைமையாசிரியை.

சிறுமி டீச்சரைப் பார்த்தாள். "பேசினோம் மேடம். நிறையப் பேசினோம்."

"பேசினதுக்கா இது? எல்லாரும் இறங்குங்க!"

"யாரும் இறங்கக் கூடாது!" டீச்சரின் குரல் கிறீச்சிட்டது. ஒரு குழந்தை அழ ஆரம்பித்தது.

"திமிரைப் பாத்தீங்களா? எல்லாம் பதிவாகுது" என்றார் தலைவர், ஜன்னல் கம்பி வழியாக.

தலைமையாசிரியை டீச்சரின் மேசையைக் காட்டினார். "மேசையைக் காலி பண்ணுங்க. இன்னியோட சரி."

"சரி மேடம். பண்ணிடறேன். ஒரு அஞ்சு நிமிஷம் அசையாம நில்லுங்க, போதும்."

அப்போதுதான் காவலாளி மூச்சிரைக்க ஓடி வந்து, தலைவரை ஒதுக்கிவிட்டு ஜன்னலில் எட்டிப் பார்த்தார். ஒரு கையில் கொக்கிக் கம்பி, மறு கையில் சாக்கு.

"மெசேஜ் இப்பத்தான் பாத்தேன் டீச்சர்." குரலைத் தாழ்த்தினார். "நல்லவேளை, பிள்ளைங்களை வாசலுக்கு ஓட விடாம நிறுத்திட்டீங்க. பாம்பு எங்க?"

டீச்சர் விரலை மட்டும் நீட்டினார். விரல், தலைமையாசிரியைக்குப் பின்னால் கதவோரம் சாய்த்து வைத்திருந்த உடைந்த பெஞ்சைக் காட்டியது.

தலைமையாசிரியை திரும்பவில்லை.

முதல் பெஞ்சுச் சிறுமி ஓரமாக நகர்ந்து இடம் விட்டு, அவருக்குக் கை நீட்டினாள்.