ஜன்னலில் ஒரு போர்வை

"எதிர்லயே நிக்குது. ஒரு நாளாவது கண்ணெடுத்துப் பாத்தாராம்மா?"

அப்பா இறந்தபின் இன்றுதான் அவர் அறைக்குள் வந்திருந்தான் மகன்.

தெருவுக்கு அந்தப் பக்கம், அவன் வடிவமைத்த அலுவலகக் கட்டடம். வெயிலை உள்ளே அண்டவிடாத கண்ணாடி முகப்பு. ஏசிக்கு அங்கே அவ்வளவாக வேலையே இல்லை. போகிறவர் வருகிறவரெல்லாம் நின்று படம் எடுத்தார்கள். ஆனால் ஞாயிறு மதியம் அவன் சாப்பிட வரும்போதெல்லாம் அப்பாவின் ஜன்னலில் கறுப்புப் போர்வை தொங்கும். கேட்டால், "தூக்கம் வரணும்ல" என்பார்.

"அவர் பேச்சை மீறி இந்தப் படிப்புக்குப் போனேன்ல. அந்தக் கோபம் கடைசிவரைக்கும் தீரல."

அப்பாவின் சட்டைகளை மடித்துக்கொண்டிருந்த அம்மா, அவன் போர்வையில் கைவைத்ததும் பதறினாள்.

"இப்ப வேணாம்டா. சாயங்காலமா எடு."

ஆத்திரத்தில் ஒரே இழுப்பாக இழுத்தான். எதிர்க் கண்ணாடியில் பட்டுத் திரும்பிய வெயில் மொத்தமும் முகத்தில் அறைந்தது. ஜன்னல் கம்பி கையைச் சுட்டது. கட்டிலோரம் இருந்த ரேடியோ ஒரு பக்கம் இளகி வளைந்திருந்தது.

"ஏம்மா... சொல்லியிருந்தா ஏதாவது செஞ்சிருப்பேனே."

"'ஆசையா செஞ்சிருக்கான், அவன் காதுல போட்டுடாதே'ன்னுட்டார். ரூமை மாத்திக்கலாம்னாலும் கேக்கல. இங்கேருந்துதானே அது தெரியும்."

அம்மா கையிலிருந்த சட்டையைக் கீழே வைத்தாள்.

"பொழுது சாஞ்சதும் போர்வையைக் கழட்டிட்டு, இருட்டுற வரைக்கும் அதையே பாத்துட்டு உக்காந்திருப்பார்டா. நீதான் எப்பவும் மத்தியானம் வருவே."