விருது வாங்கிய கழுதை

"பையனுக்கா, பொண்ணுக்கா சார்?" என்று கேட்டாள் புத்தகக் கடைப் பெண்.

"ரெண்டு பேருக்கும் பொதுவா. மூணுலேருந்து ஆறு வயசுக்கு ஒண்ணு, ஏழுலேருந்து பத்துக்கு ஒண்ணு, அதுக்கு மேல ஒண்ணு" என்றார் வந்தவர். சட்டைப் பையில் இரண்டு பேனா, கையில் ஒரு நோட்டு.

வீட்டில் மூன்று பிள்ளைகள் போலிருக்கிறது என்று அவள் மனசுக்குள் சந்தோஷப்பட்டாள். ஒரு மாதம் பார்த்துவிட்டுத்தான் வேலையை நிரந்தரமாக்குவேன் என்று முதலாளி சொல்லியிருந்தார். அந்த மாதம் நாளையோடு முடிகிறது. 'ஈ ஓட்டுற கடைக்கு ஆள் எதுக்கு?' என்று இன்று காலையில்தான் அவள் காதுபடவே முணுமுணுத்தார்.

ஈயை விரட்ட முதலாளி ஒரு வழியும் கண்டுபிடித்திருந்தார். 'விருது பெற்ற நூல்' என்று தங்க எழுத்தில் ஒரு சுருள் ஸ்டிக்கர் அச்சடித்து வந்தார். இந்த வருஷம் வெளிவந்து, சீந்துவாரில்லாமல் கிடந்த சிறுவர் புத்தகங்களில் எல்லாம் அவள் கையாலேயே ஒட்ட வைத்தார்.

முதல் புத்தகத்தை எடுத்து நீட்டினாள். "இது கழுதைக் கதை சார். வரிசையில நிக்கக் கத்துக்குது. நாலு வயசுக் குழந்தை விழுந்து விழுந்து சிரிக்கும். விருது வாங்கினது."

அவர் சட்டென்று நிமிர்ந்தார். "விருதா? எப்ப?"

"இந்த... இந்த வருஷம்தான் சார்."

"இந்த வருஷமா?" அவர் முகம் வெளிறியது. ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். பிறகு நோட்டைத் திறந்துகொண்டு, "சரி, சொல்லும்மா. கழுதை எத்தனாவது பக்கத்துல வரிசைக்கு வருது?" என்றார்.

இவர் புத்தகம் வாங்க வந்த ஆள் இல்லை, விசாரிக்க வந்த அதிகாரி என்று அவளுக்குத் தோன்றிவிட்டது.

நல்லவேளையாக, கடைக்கு ஆளே வராத புண்ணியத்தில் அவள் எல்லாவற்றையும் படித்து முடித்திருந்தாள். "பதினொண்ணாம் பக்கம் சார். இது ரெண்டாவது. நாலு பசங்க லிஃப்ட்ல மாட்டிக்கிறாங்க. நூறு பக்கமும் லிஃப்ட்டுக்குள்ளயேதான்."

"போரடிக்காதா?"

"அவங்க வெளிய வந்தப்ப எனக்கே வருத்தமா இருந்துச்சு சார்."

அதையும் அப்படியே எழுதிக்கொண்டார்.

"மூணாவது பெரிய பசங்களுக்கு. அப்பாவுக்கு வேலை போயிடுது. வீட்டுல சொல்லாம தினமும் ஆபீஸ் போற மாதிரி கிளம்பறார். பொண்ணு ஒருநாள் பின்னாலயே போய்க் கண்டுபிடிச்சிடறா. ஆனா கடைசி வரைக்கும் தெரிஞ்சதாக் காட்டிக்கவே மாட்டா."

"இதுல ஒரு குறை சொல்லணும்னா?"

புத்தகத்தில் குறை கேட்கும் வாடிக்கையாளரை அவள் இப்போதுதான் பார்க்கிறாள். "அட்டைப்படம் சார். அப்பா சிரிச்சிட்டிருக்கார்."

அவர் பேனா நிற்கவில்லை.

"உங்க பசங்க எந்த ஸ்கூல் சார்?" என்று நூல் விட்டுப் பார்த்தாள்.

"எனக்குப் பசங்க இல்லம்மா."

சந்தேகமே இல்லை, அதிகாரிதான். கல்லாவிலிருந்து முதலாளி கண்ணாலேயே மிரட்டிக்கொண்டிருந்தார். அவளுக்குப் பயமாகத்தான் இருந்தது. ஆனால் நல்ல புத்தகத்தைப் பொய் சொல்லி விற்கிறோமே என்ற வெட்கம் அதைவிடப் பெரிதாக இருந்தது.

"சார், ஸ்டிக்கர் நாங்களே ஒட்டினது. இதெல்லாம் ஒரு விருதும் வாங்கல. ஆனா மூணும் நல்ல புத்தகம். அது சத்தியம்."

முதலாளி எழுந்தே வந்துவிட்டார். "நாளைக்கு வரைக்கும்கூட வேண்டாம். இப்பவே கிளம்பு."

வந்தவர் பெரிதாக மூச்சு விட்டார். "அப்பாடா! நான் இல்லாம மத்தவங்களே முடிவு பண்ணி அறிவிச்சிட்டாங்களோன்னு பயந்துட்டேன்."

"எந்த மத்தவங்க சார்?" என்றார் முதலாளி.

"சிறுவர் நூல் விருதுக் குழு. நான்தான் தலைவர். நாளைக்குக் காலைலதான் கூட்டம். இந்த மூணையும்தான் சொல்லப் போறேன்."

முதலாளி தன் நாற்காலியைத் தானே தூக்கி வந்து அவருக்குப் போட்டார். கிளம்பச் சொன்ன அதே வாயால், "நீ ஏம்மா நிறுத்திட்டே? நாளைக்கும் சீக்கிரமா வந்துடு" என்றார்.

வேலை தப்பியது. அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்தே வந்தன. ஒன்றுதான் புரியவில்லை.

"சார், போட்டிக்கு வந்த புத்தகத்தையெல்லாம் உங்க வீட்டுக்கே அனுப்பியிருப்பாங்களே?"

நோட்டில் அடுத்த பக்கத்தைத் திருப்பியபடியே அவர் சொன்னார்:

"வந்துச்சும்மா. கட்டு இன்னும் பிரிக்கல."