பிறகு என்றொரு பொத்தான்

அந்தப் பொத்தானை வைக்கவே மாட்டேன் என்று யுவராணி மூன்றாவது முறையாகச் சொன்னாள்.

மடிக்கணினித் திரையில் அவளுடைய பெங்களூரு மேலாளர் மாதவராஜ் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். நிலவில் ஓடப்போகும் ரோவருக்கு அன்றன்றைய வேலைத் திட்டம் போடும் மென்பொருள் அது. அதன் திரைகளைக் கடத்தூரில் தன் வீட்டிலிருந்தபடி வடிவமைப்பவள் அவள்.

வழியில் சரிவு வந்தால், இறங்கும் வேகத்தை முடிவு செய்யாமல் திட்டத்தை அனுப்பவே முடியாது. அப்படித்தான் செய்து வைத்திருந்தாள்.

விஞ்ஞானிகளுக்கு அது எரிச்சல். "பிறகு" என்று ஒரு பொத்தான் இருந்தால் தட்டிவிட்டுப் போய்விடலாமாம். நல்ல கதைதான் போங்கள்! பாதிப் பள்ளத்தில் யார் ஓடிப்போய்ப் பிரேக் பிடிப்பது?

"யூசருக்கு ஈஸியா இருக்கணும். இல்லைன்னா வேற ஆள்கிட்ட குடுத்துடுவேன். யார் கேட்டா இந்த ரூலை?" என்றார் மாதவராஜ்.

"டெஸ்ட் யூசர் நஞ்சப்பன், சார்."

அந்தப் பெயரை மாதவராஜ் பலமுறை பாராட்டியிருக்கிறார். திரைகளைச் சோதித்துப் பார்த்தவர்களின் அறிக்கையில் கனரக வாகனம் இயக்குவதில் முப்பது வருட அனுபவம் என்று இருந்ததைப் பார்த்து, யாரோ பெரிய நிபுணர் என்றே நினைத்திருந்தார்.

யுவராணி மடிக்கணினியைத் திருப்பினாள். லுங்கியும் பனியனுமாக உட்கார்ந்திருந்த அவளுடைய அப்பா கும்பிடு போட்டார்.

"லாரி டிரைவருங்க. தொப்பூர் எறக்கத்துல டீசல் மிச்சம்னு நியூட்ரல்ல வுடுவோங்க. கியர அப்புறமா போட்டுக்கலாம்னு. ஒரு தடவ போட்டுப் பாத்தேன், கியர் வுழலீங்க. வண்டி கவுந்துருச்சுங்க."

மாதவராஜுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஆக்ஸிடென்ட் பண்ணவர்கிட்டயா டெஸ்ட் பண்ணீங்க?"

"அவர்கிட்டதான் சார் பண்ணணும். எந்த எடத்துல கை சோம்பல்படும்னு அவருக்குத்தான் தெரியும். வேலை போனா போவுது."

இணைப்பைத் துண்டித்தாள். பொத்தான் இல்லாத அதே திரையை அனுப்பியும் வைத்தாள்.  

நஞ்சப்பன் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். பதினாறு வருடமாக அந்த லாரியைப் பற்றி வீட்டில் வாய் திறக்காத மனிதர். இன்றைக்கும், அன்று பக்கத்து சீட்டில் யார் இருந்தது என்பதை மட்டும் சொல்லவில்லை.

"வுடுப்பா. டீ போட்டுட்டு வர்றேன்" என்றாள்.

மேசைக்கடியில் கழற்றி வைத்திருந்த செயற்கைக் காலை இழுத்து மாட்டிக்கொண்டு எழுந்தாள்.