நாற்காலிக்கு ஒரு பேய்க்கதை

“உங்க அப்பா உட்கார்ந்த நாற்காலி. கப்பல் முதலாளி கேட்டே கொடுக்காத நாற்காலி. அதுக்கு நீங்க வெச்ச விலை ஒரு பேய்க்கதைப் புத்தகம்! துணி வியாபாரியாம், துணி வியாபாரி!” மீனுக்குச் செதில் எடுத்துக்கொண்டே சிரித்தாள் தவ்லத்.

அவள் கணவன் பஹ்ஜத், வெளியே வெளிச்சம் இன்னும் இருக்கிறதா என்று எட்டிப் பார்த்தான்.

அலெக்சாந்திரியாவின் துணிக்கடைத் தெரு முனையில் இருக்கும் காபிக் கடையில், ஜன்னலோரம் கிடக்கிறது அந்தப் பிரம்பு நாற்காலி. அதில் உட்கார்ந்தால், தெருவுக்குள் நுழையும் வாடிக்கையாளர் மற்ற எல்லாக் கடைக்காரர்களுக்கும் முன்னால் உங்கள் கண்ணில்தான் படுவார். அப்பாவுக்குப் பின் அது பஹ்ஜத்துக்கு.

பழைய புத்தகக் கடை ஃபிக்ரி ஹாஜியார் இந்தக் குளிர்காலத்துக்கு ஒரு வாசிப்புப் போட்டி வைத்தார். ஒரு மாயாஜாலக் கதை, ஒரு புராண நாவல், ஒரு பேய்க்கதை. முதல் இரண்டையும் பஹ்ஜத் முடித்துவிட்டான். மாயாஜாலக் கதையில் எவனோ ஒரு மடையன் பறக்கும் கம்பளத்தை மூன்று பொற்காசுக்கு விற்றதைப் படித்துவிட்டு, இரண்டு நாள் அவனுக்கு ரொட்டி இறங்கவில்லை.

முடித்த தெம்பில் இருந்தவனை தவ்லத்தின் தம்பி வஜீஹ் சீண்டினான். “பேய்க்கதைன்னா அத்தானுக்குத் தொடை நடுங்குமே!”

பஹ்ஜத் காபிக் கடை முழுக்கக் கேட்கக் கத்தினான். “அந்தப் பேய்க்கதையை யாரு முழுசாப் படிக்கிறாங்களோ, அவங்களுக்கே என் நாற்காலி!”

ஹாஜியார் இருவருக்கும் ஆளுக்கொரு பிரதி கொடுத்தார். பஹ்ஜத் பன்னிரண்டாம் பக்கத்தைத் தாண்டவில்லை. அங்கேதான் நத்தாஹா என்கிற பெண்பேய் வருகிறாள். நைல் கரையில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிடுவாள். பதில் சொன்னவன் தொலைந்தான். அன்றிலிருந்து யார் பெயர் சொல்லி அழைத்தாலும் பஹ்ஜத் வாய் திறப்பதில்லை. நேற்று ஒரு கல்யாண வீட்டு அம்மாள் கடை வாசலில் நின்று தொண்டை வறளக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு எதிர்க்கடைக்குப் போய்விட்டாள். நாற்பது கெஜம் பட்டு!

இன்று சாயங்காலம் ஹாஜியார் கேள்வி கேட்கப் போகிறார்.

“நீ படிச்சுட்டதானே, தவ்லத்?”

“நீங்க அதைக் குப்புறப் போட்டு மேல இஸ்திரிப் பெட்டியை ஏத்தி வெச்சீங்களே, அன்னைக்கே எடுத்துட்டேன்.”

“முடிவை மட்டும் சொல்லு. ரொம்பப் பயங்கரமா வந்தா முன்கூட்டியே இருமு, நான் காதைப் பொத்திக்கிறேன்.”

“பொத்திக்கிட்டா முடிவு எப்படிங்க தெரியும்?”

“அப்ப பகல் வெளிச்சம் இருக்கும்போதே சொல்லு!”

சொன்னாள். மீன் கத்தியைக் கையில் வைத்துக்கொண்டு அபிநயத்தோடு சொன்னதைத்தான் அவனால் தாங்க முடியவில்லை.

சாயங்காலம் காபிக் கடையில் கூட்டம். ஹாஜியார் தொண்டையைக் கனைத்தார். “முதலாளி, கதை எப்படி முடியுது?”

பஹ்ஜத் மீசையை நீவினான். “இதெல்லாம் ஒரு பேய்க்கதையா ஹாஜியாரே! எனக்குக் கொட்டாவிதான் வந்துச்சு. கடைசியில அவனைக் கூப்பிடறது அவனோட சொந்த அம்மா. ஓடிப் போய்க் கட்டிப் பிடிச்சுக்கறான்...”

“கட்டிப் பிடிச்சுட்டுக் கீழே பார்த்தா, அங்கிக்குக் கீழே ஆட்டுக்கால்!” வஜீஹ் குறுக்கே பாய்ந்தான். “நானும் முடிச்சுட்டேன் அத்தான், ஒரே மூச்சுல!”

“ரெண்டு பேரும் சரி,” என்றார் ஹாஜியார். “ஒரு எழுத்துக்கூடப் பிசகலை.”

“அப்ப சமம். நாற்காலி இருக்கிற இடத்துலயே இருக்கட்டும்,” என்று பஹ்ஜத் உட்காரப் போனான்.

“பஹ்ஜத்...”

முதுகுக்குப் பின்னால் ஒரு பெண் குரல். அவன் பாதி குனிந்த நிலையில் அப்படியே உறைந்தான். பதில் சொல்லவில்லை. கடையே சிரித்தது. வாசலில் காய்கறிக் கூடையோடு தவ்லத் நின்றிருந்தாள்.

“நல்ல நேரத்துல வந்தியேம்மா,” என்ற ஹாஜியார், கோட்டின் உள்பையிலிருந்து மெலிதான ஒரு கற்றையை எடுத்தார். “இது அந்தப் பேய்க்கதையோட கடைசிப் பதினாறு பக்கம். இவங்க கையில கொடுக்கறதுக்கு முன்னாடியே ரெண்டு பிரதியிலயும் பிரிச்சு எடுத்துட்டேன். நிஜமாப் படிக்கிறவன் அந்த இடத்துக்கு வந்ததும் என் கழுத்தைப் பிடிக்க ஓடி வருவான்னு காத்துக்கிட்டிருந்தேன்.”

வஜீஹ் தேநீர்க் குவளையை வைத்துவிட்டுத் தவ்லத்தின் பக்கம் திரும்பினான். “அக்கா, போன்ல நீ எனக்குச் சொன்னப்போ இதைச் சொல்லவே...” என்று ஆரம்பித்தவன் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

“ஓடி வந்தது ஒரே ஒருத்தர்தான். மாவு ஒட்டின கையோட வந்து, சண்டை போட்டு, என் கடை வாசல்லயே நின்னு பதினாறு பக்கத்தையும் படிச்சுட்டுத்தான் போனாங்க.” ஹாஜியார் தன் கைக்குட்டையால் பிரம்பு நாற்காலியைத் துடைத்தார். “உக்காரும்மா, தவ்லத்.”

அவள் உட்கார்ந்து, ஜன்னல் வழியே தெருவை ஒரு நோட்டம் விட்டு, பட்டைத் தூள் தூக்கலாக ஒரு சஹ்லப் பால் கேட்டாள்.

பஹ்ஜத் என்ன இருந்தாலும் வியாபாரி. நின்ற இடத்திலேயே மனதுக்குள் கணக்கை முடித்தான்: நாற்காலி ஒன்று, படித்தவள் ஒருத்தி, நேராகிவிட்டது. பாக்கி, நின்றுகொண்டே தேநீர் குடிக்க இரண்டு ஆண்பிள்ளைகள்.