இருபத்தேழு பிழைகள்

“லெஸ்லி அண்ணையைத் தவிர ஆரையும் எடுப்பம்” என்றான் வாகீசன்.

ஸ்டெபனி கோப்பியைக் கீழே வைத்தாள். “அவரையும் வரச் சொல்லிப்போட்டன். பார்க்கிங்கில நிக்கிறாராம்.”

வாகீசனுக்கு முகம் சுருங்கிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானத் தூக்கத்தையும் விட்டுவிட்டு, பிக்கரிங்கிலிருந்து வோபர்னிலுள்ள இந்தக் கோப்பிக்கடைக்குக் காரெடுத்து வந்தது இதற்காகவா?

விஷயம் இதுதான். பதின்மூன்று வருடத்துக்கு முன் ரொறன்ரோத் தமிழ்ப் பிள்ளைகள் கொஞ்சப்பேர், இணையத்தில் பஸ் ஓட்டும் விளையாட்டு ஒன்றை விழுந்து விழுந்து விளையாடினார்கள். அதோடு நிற்காமல், தங்கள் தெருக்களையே விளையாட்டுக்குள் பஸ் பாதைகளாக, றூட் றூட்டாகக் கட்டி அதில் பஸ் விட்டார்கள். ஒருவர் கட்டிய றூட்டை எல்லாருக்கும் விடுமுன் பிழை பார்க்க ‘செக்கிங் ரீம்’ என்று ஒரு குழு இருந்தது; லெஸ்லியும் ஸ்டெபனியும் அதில் செக்கர்கள். சம்பளம் இல்லாத வேலை, ஏச்சு மட்டும் தாராளம். ஒரு சண்டையில் அது கலைந்தது. இப்போது எல்லாருக்கும் பழைய ஆசை திரும்பி, ரீமைப் புதிதாக அமைக்கும் வேலையை வாகீசன் தலையில் கட்டியிருந்தார்கள்.

அந்த நாட்களை நினைத்தால் அவனுக்கு இப்போதும் ஏக்கமாக இருக்கும். ஹெட்செற்றுக்குள் ஸ்டெபனியின் அம்மா மீன் பொரிக்கும் சத்தம் கேட்கும். யாரோ ஒருவனின் பஸ் பனியில் சறுக்கி மரத்தில் ஏறும். பத்துப் பேர் சேர்ந்து சிரிப்பார்கள். அப்படிச் சிரித்து எவ்வளவு காலம்!

சோற்றுக்குள் கல் மாதிரி ஒரே ஒரு ஆள், லெஸ்லி அண்ணை.

இருபது வயதில் வாகீசன் கட்டிய முதல் றூட், அவன் அம்மா விடிய வெள்ளென ஃபக்டரிக்குப் போகும் பஸ்ஸின் பாதை. அம்மா செத்து அப்போது இரண்டு மாதம். கொலிச் படிப்பை விட்டுவிட்டு, பேஸ்மன்ற் அறை ஒன்றுக்குள் தனியே கிடந்து அதைக் கட்டினான். அந்த றூட்டை லெஸ்லி இருபத்தேழு தரம் திருப்பி அனுப்பினார்.

‘பஸ் தரிப்பில ஆக்கள் இருக்கிற வாங்கு ஒரு அடி தள்ளி இருக்கு.’

‘றோட்டோரம் பனி காணாது, கூட்டு.’

‘மூண்டாவது சிக்னலில மஞ்சள் கூடிப்போச்சு.’

ஒவ்வொன்றின் முடிவிலும் ஒரே வசனம்: ‘நாளைக்குத் திருத்தி அனுப்பு. பாத்துக்கொண்டிருப்பன்.’

கடைசியில் ஒருநாள் பொறுக்க முடியாமல், “அடுத்த றூட்டை உங்களிட்டத் தரவே மாட்டன், ஸ்டெபனியிட்டத்தான் குடுப்பன்” என்று கத்திவிட்டான். அன்றைக்கே றூட் பாஸாயிற்று. வாய் காட்டினால்தான் சில ஆட்களுக்கு விளங்கும் என்று அவன் அன்று முடிவுகட்டிக்கொண்டான்.

லெஸ்லி உள்ளே வந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. கையில் ஒரு ரோல்ஸ் பெட்டி. வெளிச்சாப்பாடு கொண்டுவரக் கூடாது என்று கடைச்சுவரில் எழுதியிருந்ததை அவர் பார்த்ததாகத் தெரியவில்லை.

“எப்பிடி தம்பி? பிள்ளையள் எத்தினை?”

“ரெண்டு.”

“ரெண்டோ!” என்று அவர் அளவுக்கு மிஞ்சிச் சந்தோஷப்பட்டது வாகீசனுக்கு நடிப்பாகத்தான் பட்டது.

நேரே விஷயத்துக்கு வந்தான். “புது விதி அண்ணை. ஒரு றூட்டை மூண்டு தரத்துக்கு மேல ஒருத்தரும் திருப்பேலாது.”

“நல்ல விசயம்.”

“அடுத்தது, செக்கர் தனக்கெண்டு எழுதி வைக்கிற குறிப்பு. அதை எல்லாரும் பாக்கத் திறந்துவிடுறம்.”

ரீமில் அப்படி ஒரு வழக்கம் இருந்தது. ஒரு றூட்டுக்கு ஒரே செக்கர். கட்டியவர் பார்க்க ஒரு பதில், செக்கர் தனக்கு மட்டும் ஒரு குறிப்பு. மற்றவர் குறிப்பை யாரும் எட்டிப் பார்ப்பதில்லை.

லெஸ்லியின் கை பெட்டி மூடியில் அப்படியே நின்றது. “புதுசுக்குத் திறவுங்கோ. பழசு வேண்டாம்.”

“ஏன் அண்ணை?”

“வேண்டாம் தம்பி. என்னை ரீமில எடுக்காட்டிலும் பரவாயில்லை. பழசை அழிச்சுவிடுங்கோ.”

ஆள் பிடிபட்டார் என்று வாகீசனுக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. லப்ரொப்பைத் திறந்தான். பாஸ்வேர்ட் இப்போது அவன் கையில்.

“இப்பவே பாப்பம். ஸ்டெபனியும் கேக்கட்டும்.”

“தம்பி, சத்தமா வாசியாதை.”

தன் முதல் றூட்டுக்கு லெஸ்லி எழுதியதை எடுத்து, அவன் வேண்டுமென்றே சத்தமாக வாசித்தான். “முதலாம் நாள். பிழை ஒண்டும் இல்லை. வடிவான றூட்.” நிமிர்ந்தான். “பாத்தியே ஸ்டெபனி? பிழையே இல்லையாம். பிறகேன்...”

அடுத்த வரி கண்ணில் பட்டது. மிச்சத்தை மனதுக்குள் வாசித்தான்.

‘ஆனால் பொடியன் றூட்டுக்குக் கீழை எழுதியிருக்கிறான், “இதை முடிச்சிட்டன், இனி நான் உயிரோட இருந்து செய்ய ஒண்டும் இல்லை” எண்டு. நாளைக்கும் அவனுக்கு ஒரு வேலை வேணும். வாங்கைத் தள்ளச் சொல்லுவம்.’

அப்படி எழுதியதை வாகீசன் மறக்கவில்லை. அதை ஒருவரும் வாசிக்கவில்லை என்றுதான் பதின்மூன்று வருடமாக நினைத்திருந்தான்.

“என்ன எழுதியிருக்கு?” என்றாள் ஸ்டெபனி.

“ஒண்டுமில்லைப் பிள்ளை, என்ரை எரிச்சல் குணம்” என்று லெஸ்லி பெட்டியை அவள் பக்கம் தள்ளினார். “ரோல்ஸ் ஆறுது, சாப்பிடு.”

வாகீசன் கண்ணைத் துடைத்துக்கொண்டு கடைசிக் குறிப்புக்குப் போனான்.

‘இண்டைக்குப் பொடியன் என்னோட கத்தினவன். “அடுத்த றூட்” எண்டு அவன்ரை வாயாலயே வந்திட்டுது. இனிப் பயமில்லை. பாஸ்.’