ஏழாவது கையெழுத்து

“இது உங்க கையெழுத்து இல்ல.”

நிரஞ்சலா தாளை வாங்கிக் கவிழ்த்து வைத்தாள். இது நான்காவது.

“என் கையெழுத்துதாங்க,” என்றாள் கருப்பம்மா.

“ஐடியில ஒரு மாதிரி இருக்கு, இதுல வேற மாதிரி இருக்கு. ஷம்ரா, இன்னொரு தாள் குடுங்க.”

ஷம்ரா எடுத்துக் கொடுத்தாள். பதுளையில் அந்தக் கார் விற்பனை நிலையத்தின் கணக்குப் பிரிவில் அவள் சேர்ந்து மூன்று மாதந்தான் ஆகிறது. நிரஞ்சலா அங்கே மேனேஜர். அவள் ஒப்பமிடாமல் ஒரு காரும் கேட்டைத் தாண்டாது.

வெளியே வெள்ளைக் கார் ஒன்று மாலையோடு நின்றது. வாங்க வந்தவர் கங்காணி ஜெயகுமார். தவணைக்கு எடுப்பதால் இரண்டு பேர் பிணை நிற்க வேண்டும். அவருடைய மச்சான் காலையிலேயே கையெழுத்து வைத்துவிட்டுப் போய்விட்டான். இரண்டாவது ஆள் கருப்பம்மா. கங்காணி மேற்பார்க்கும் தேயிலை மலையில் கொழுந்து எடுப்பவள்.

“எதுக்குக் கையெழுத்து வைக்கிறீங்கன்னு தெரியுமா?”

“கங்காணி கார் வாங்குறாருங்க. சாட்சிக்குக் கூப்பிட்டாரு, வந்தேன்.”

“ம். எழுதுங்க.”

ஐந்தாவது தாளும் கவிழ்ந்தது.

ஜெயகுமார் நாற்காலியை இழுத்துப் போட்டு முன்னால் வந்தார்.

“மிஸ், தினம் இவங்களுக்குப் பேர் போடுறவன் நான். நான் நெனச்சா முழுநாள் பேரு, இல்லாட்டி அரைநாள் சம்பளம். எனக்குத் தெரியாதா இவங்க கையெழுத்து?” சொல்லிவிட்டு அவரே சிரித்தார்.

கருப்பம்மாவும் சிரித்தாள், கொஞ்சம் பிந்தி.

“அப்படியா?” என்றாள் நிரஞ்சலா. “இன்னொரு தாள், ஷம்ரா.”

ஷம்ராவுக்கு முகம் சுட்டது. வந்தவர்களை யாரும் இப்படி நிற்க வைத்துக் கேவலப்படுத்தி அவள் பார்த்ததில்லை.

ஆறாவதும் சேரவில்லை.

“குடுங்க பாப்போம், என்னதான் சேரல்லன்னு,” ஜெயகுமார் கையை நீட்டினார்.

“ஆபீஸ் தாள். வெளிய குடுக்க ஏலாது.”

“நீங்களும் ஸ்பிரிங்வெளி தோட்டத்து லயத்துல பொறந்த ஆளுதானே மிஸ்? ஏசி ரூமுக்கு வந்ததும் நம்மாளுங்க கையெழுத்தே தெரியாமப் போச்சோ?”

“நல்லாத் தெரியுது. அதான் சொல்றேன்.”

மேசையில் போன் அடித்தது. மாடியிலிருந்து விற்பனை மேனேஜர் ஸப்ரான்.

“மிஸ், மாசக் கடைசி. அந்தக் கார் இண்டைக்குப் போகணும்.”

“கையெழுத்து சேராம பைல் போகாது சேர். வேணும்னா நீங்க வந்து ஒப்பம் வச்சு அனுப்புங்க. பிறகு வர்றதையும் நீங்களே பாத்துக்கங்க.”

அவர் இன்னும் பேசிக்கொண்டிருக்கும்போதே ரிசீவரை வைத்தாள்.

“சரி, கையெழுத்து வேணாம்,” என்றார் ஜெயகுமார். “கைநாட்டு வைக்கட்டும். அதுவுமா சேராது? அக்கா, பெருவிரலை நீட்டு.”

கருப்பம்மா கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

“கைநாட்டு வைக்கமாட்டேன் கங்காணி.”

“என்னது?”

“முப்பது வருசம் வச்சது போதும். மாதர் சங்கத்துல ரெண்டு வருசம் குந்தி எழுதிப் பழகித்தான் புது ஐடி எடுத்தேன். என் பேரு எனக்கு எழுத வரும்.”

தாளைத் தானே இழுத்தாள். உதட்டை மடித்துக்கொண்டு ஒவ்வோர் எழுத்தாக இறக்கினாள். கடைசி எழுத்தின் சுழியை முடித்து, பேனாவை மூடி வைத்தாள்.

“இப்ப பாருங்க.”

நிரஞ்சலா வெகுநேரம் பார்த்தாள்.

“சேரல்ல.”

ஜெயகுமார் எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் சாய்ந்தது.

“வா அக்கா. உன்மேல ஒரு தப்பும் இல்ல. இந்த அம்மாவுக்குத் திமிரு. நான் வேற ஆளைக் கூட்டிட்டு வந்து காட்டுறேன்.”

“கூட்டிட்டு வாங்க. அவங்க கையெழுத்தையும் பாக்குறேன்.”

கருப்பம்மா வாசலில் நின்று திரும்பினாள். கண் கலங்கியிருந்தது. குரல் கலங்கவில்லை.

“நீங்க சொன்னாலும் சொல்லாட்டியும் அது என் கையெழுத்துதாம்மா.”

நிரஞ்சலா கணினியை விட்டுத் தலை நிமிரவில்லை. கதவு சாத்திய பிறகு, “ஷம்ரா, அந்தத் தாளெல்லாம் மெஷின்ல போட்டு அரைச்சிடுங்க,” என்றாள்.

“பாவம் மிஸ் அந்த அம்மா. இப்படிச் செஞ்சிருக்க வேணாம்.”

“அரைங்க.”

ஷம்ரா கோபத்தோடு தாள்களை அள்ளினாள். அடியில் பிணைப் படிவம் கிடந்தது. முழுக்க இங்கிலீஷ். தவணை நின்றால் மிச்சம் முழுவதையும் பிணை நின்றவரின் சம்பளத்திலும் சேமலாப நிதியிலும் பிடிக்கலாம் என்று இரண்டாம் பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்தது.

ஷம்ரா கதவைப் பார்த்தாள். பிறகு தாள்களை ஒவ்வொன்றாக நிமிர்த்தி ஐடி பிரதிக்குப் பக்கத்தில் வைத்தாள்.

ஏழும் அச்சில் எடுத்ததுபோல ஒன்றாகவே இருந்தன. ஐடியில் இருந்ததும் அதேதான். கடைசி எழுத்தின் சுழிகூட மாறவில்லை.

மாடிப்படியில் சப்பாத்துச் சத்தம் கேட்டது. ஷம்ரா மெஷினைப் போட்டாள்.

ஸப்ரான் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார். “எங்க அந்தக் கையெழுத்தெல்லாம்? நானே பாக்குறேன்.”

நிரஞ்சலா வாயைத் திறப்பதற்குள் ஷம்ரா ஏழாவது தாளையும் உள்ளே தள்ளிவிட்டுத் திரும்பினாள்.

“அரைச்சிட்டேன் சேர். பாக்க ஒண்ணும் இல்ல, ஒண்ணுகூட சேரல்ல.”